டவர் ஸ்பீக்கரை எங்கே நின்று கேட்க வேண்டும்?

டவர் ஸ்பீக்கர், அதாவது தரையில் நிற்கும் உயரமான ஸ்பீக்கர், வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை வூஃபர் (கீழ்ச்சுரம் தரும் பெரிய கோன்)?" என்பதுதான். அடுத்தது, "கோன் எதனால் செய்தது?" இரண்டும் வேண்டாத கேள்விகள் என்று சொல்லமாட்டேன். ஆனால் மட்டக்களப்பில் நாம் வாழும் வீடுகளில், பல இலட்சம் ரூபாய் கொடுத்து வாங்கும் ஒரு சோடி ஸ்பீக்கரின் தலையெழுத்தைத் தீர்மானிப்பது வேறொன்று. அந்த ஸ்பீக்கர் பக்கவாட்டில் எப்படிப்பட்ட ஒலியை அனுப்புகிறது? இதைப் பலரிடம் வாய் வலிக்கச் சொல்லியாகிவிட்டது. இனி எழுதியே வைத்துவிடுகிறேன்.

நம் வீட்டு ஹோலை எண்ணிப் பாருங்கள். பூசிய சீமெந்துச் சுவர், டைல்ஸ் தரை, கண்ணாடி அலுமாரி, பிரம்புக் கதிரை. குளிர்நாட்டு வீடுகளில் இருக்கும் தடித்த கம்பளமும் துணி போர்த்திய பெரிய சோபாவும் இந்த வெக்கைக்குச் சரிவராது. ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 345 மீற்றர் ஓடுகிறது. பக்கச் சுவரில் பட்டு வரும் பாதை நேர்ப்பாதையைவிட ஒன்றரை மீற்றர் நீளமென்றால், அந்த ஒலி 4 மில்லி செக்கன் சொச்சம் பிந்தி வந்து சேர்கிறது. அவ்வளவு குறுகிய தாமதத்தைக் காது எதிரொலியாகப் பிரித்துக் கேட்காது. நேர் ஒலியோடு சேர்த்து ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். ஆகவே பக்கத்தில் போகும் ஒலி கெட்டிருந்தால், முன்னால் வரும் நல்ல ஒலியையும் அது கெடுத்துவிடும்.

அது ஏன் கெடுகிறது? 6 அங்குல நடுச்சுரக் கோன் ஒன்று 3 கிலோஹேர்ட்ஸை நெருங்கும்போது, ஒலியலையின் நீளம் கோனின் குறுக்களவுக்குக் கிட்டத்தட்டச் சமமாகிவிடுகிறது. அப்போது கோன் ஒலியை நாலாபக்கமும் பரப்பாமல் முன்னால் மட்டும் குவிக்கத் தொடங்கும். அதற்குச் சற்று மேலே, மேல்சுரம் தரும் ஒரு அங்குல ட்வீட்டர் பொறுப்பேற்றதும் ஒலி மறுபடி அகல விரியும். முன்னால் மைக் வைத்து அளந்தால் கோடு நேராக இருக்கும். பக்கத்தில் வைத்து அளந்தால் ஒரு பள்ளம், அதையடுத்து ஒரு மேடு. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் இடமும் அதுதான். பாடுபவரின் சொல் தெளிவும் வயலினின் கூர்மையும் அங்கேதான் இருக்கின்றன.

இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பிடித்த சோதனை மத்தளம். கூத்தாடும் வட்டக்களரியின் நடுவில் மத்தளம் அடிக்கும் அண்ணாவியார் நிற்க, சுற்றிவர எங்கே உட்கார்ந்து கூத்துப் பார்த்தாலும் மத்தளம் மத்தளமாகவே கேட்கும். அந்த ஒலியைச் சிறுவயதிலிருந்தே கேட்டுப் பழகிய காது நமக்கு இருக்கிறது. நல்ல ஒலிப்பதிவு ஒன்றைப் போட்டுவிட்டு, கதிரையிலிருந்து எழுந்து மெல்லப் பக்கவாட்டில் நடவுங்கள். ஒலி சற்றுக் குறையலாம், மேல்சுரம் கொஞ்சம் மங்கலாம், அதில் தவறில்லை. ஆனால் நாலு அடி நகர்ந்ததும் தோலின் கனம் போய், தகரத்தில் தட்டியதுபோல ஆகிவிட்டால் அந்த ஸ்பீக்கர் நம் சீமெந்துச் சுவர்களுக்கு ஆகாது. விலை எத்தனை இலட்சமாக இருந்தாலும் என் முடிவு அதுதான்.

இந்தச் சிக்கலை ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு வழியில் தீர்க்கப் பார்க்கிறது. 1961இல் றேமண்ட் குக் இங்கிலாந்தின் மெய்ட்ஸ்டனில் தொடங்கிய கெஃப், 1988இல் யூனி-கியூ என்ற அமைப்பைக் கொண்டுவந்தது. ட்வீட்டரை நடுச்சுரக் கோனின் மையத்துக்குள்ளேயே வைத்துவிடுவார்கள். இரண்டு ஒலியும் ஒரே புள்ளியிலிருந்து புறப்படுகின்றன. கோனே ட்வீட்டருக்கு ஒரு குழல்போல நின்று அதன் பரவலைக் கட்டுப்படுத்துகிறது. மெட்டா என்ற பெயரோடு வருபவற்றில் ட்வீட்டரின் பின்னால் நுண்ணிய சுழல்பாதைகள் கொண்ட தட்டு ஒன்றும் உண்டு, பின்பக்க ஒலியை உறிஞ்சுவதற்கு. ரெவல் ட்வீட்டரைச் சுற்றி ஆழமில்லாத ஒரு குழிவை வைக்கிறது. கிளிப்ஷ் 1946 முதல் நம்பியிருப்பது ஹோர்ன் என்ற விரிந்த குழலை. ஆர்பி-8000எஃப் டவருக்கு அவர்கள் தரும் உணர்திறன், அதாவது ஒரே அளவு மின்சக்திக்கு எழும் சத்தம், 98 டெசிபல். 90 டெசிபல் ஸ்பீக்கரோடு ஒப்பிட்டால், அந்த எண்களின்படி, அதே சத்தத்துக்கு ஆறில் ஒரு பங்கு வொட் போதும். சின்ன அம்ப்ளிபயர் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய விடயம்.

பவர்ஸ் அன்ட் வில்கின்ஸின் வழி வேறு. 702 எஸ்3 என்ற டவரில் ட்வீட்டரைப் பெட்டிக்கு மேலே தனியாக உட்கார்த்தியிருக்கிறார்கள், பெட்டியின் விளிம்புகள் ஒலியைக் குழப்பாமல் இருக்க. வெளிநாட்டில் உறவினர் வீட்டில் அதைக் கேட்டேன். கம்பளம் விரித்து, சுவர் நிறையப் புத்தக அலுமாரி வைத்த அறை அது. வீணையின் ஒவ்வொரு மீட்டலும் விரல் நகம் பட்ட இடத்தோடு கேட்டது. அந்த அறையில் அது அற்புதமான ஸ்பீக்கர். கம்பளமும் புத்தகச் சுவரும் இல்லாத நம் ஹோலுக்கு என்றால் நான் வேறொன்றையே எடுப்பேன்.

கோன் எதனால் செய்தது என்று கேட்பவர்களுக்கும் இதே நிறுவனத்தின் கதை உதவும். கெவ்லர் என்ற செயற்கை இழையில் நெய்த மஞ்சள் கோன்தான் சுமார் நாற்பது ஆண்டுகள் அவர்களின் அடையாளம். 2015இல் தங்கள் உயர்ந்த வரிசையிலிருந்து அவர்களே அதை எடுத்துவிட்டு, கொன்டினியம் என்ற வேறு நெசவுக்கு மாறினார்கள். பொருள் மாறும், மேம்படும். ஒலி அறைக்குள் எப்படிப் பரவுகிறது என்ற கேள்வி மட்டும் அப்படியே இருக்கும்.

இனி வூஃபர் கணக்கு. கெஃப் ஆர்7 மெட்டா, ஆர்11 மெட்டா இரண்டிலும் நடுச்சுரமும் ட்வீட்டரும் ஒரே வகை. ஆர்7இல் ஆறரை அங்குல வூஃபர் இரண்டு, ஆர்11இல் நான்கு. பெரியதை வாங்கவே எல்லோருக்கும் ஆசை. ஆனால் 4 மீற்றர் நீளமான அறைக்குள் 43 ஹேர்ட்ஸை ஒட்டி ஒரு நிலையலை, அதாவது சுவர்களுக்கிடையே தேங்கி நிற்கும் கீழ்ச்சுர ஒலி, எழும். அது அறையின் குணம், ஸ்பீக்கரின் குணமல்ல. சீமெந்துச் சுவர் அந்த அலையை வெளியே விடாமல் திருப்பித் திருப்பி அனுப்புகிறது. அதற்குள் நான்கு வூஃபரைத் திறந்துவிட்டால் வயிற்றை அடைக்கும் குமுறல்தான் மிஞ்சும். நம் நடுத்தர ஹோலுக்கு ஆர்7 போதும், தாராளமாகப் போதும். மிச்சப்படும் பணத்தில் நல்ல அம்ப்ளிபயர் வாங்குங்கள். இரண்டுமே 4 ஓம் ஸ்பீக்கர்கள்; ஓம் குறையக் குறைய அம்ப்ளிபயருக்குச் சுமை கூடும். ஆர்11 சில இடங்களில் 3.2 ஓம் வரை இறங்கும். எல்லா அம்ப்ளிபயரும் அதைத் தாங்காது.

பன்பாயைச் சுவரில் தொங்கவிட்டால் சரியாகுமா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். மெல்லிய பாய் மேல்சுரத்தில் கொஞ்சத்தை மட்டும் எடுக்கும். 100 ஹேர்ட்ஸ் அலையின் நீளம் மூன்றரை மீற்றர். பாய்க்கு அது இருப்பதே தெரியாது. அதைவிட நல்ல மருந்து நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது: திறந்த யன்னல். அதற்குள் போன ஒலி திரும்பி வராது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹார்வர்டில் வாலஸ் சபைன் மண்டபங்களின் ஒலியை ஆராய்ந்தபோது, உறிஞ்சலை அளக்கத் திறந்த யன்னலையே அலகாக வைத்துக்கொண்டார். நீங்கள் கதிரையில் இருக்க, ஒருவர் முகம்பார்க்கும் கண்ணாடியைப் பக்கச் சுவரோடு நகர்த்திக்கொண்டு போகட்டும். எங்கே ஸ்பீக்கர் கண்ணாடியில் தெரிகிறதோ, ஒலி தெறிக்கும் இடம் அது. அந்த இடத்தில் யன்னல் வரும்படி கதிரையையும் ஸ்பீக்கரையும் நகர்த்திப் பாருங்கள். கச்சான் வீசும் மாதங்களில் எப்படியும் யன்னலைத் திறந்துதான் வைத்திருக்கிறோம்.

கடையில் ஒப்பிடும்போது கண்ணை நம்பவே வேண்டாம். 1994இல் ஒலி ஆய்வாளர்களான ஃப்ளொய்ட் டூலும் ஷோன் ஒலிவும் செய்த ஆய்வில், ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டு கேட்டவர்களின் மதிப்பெண், திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டபோது மாறிவிட்டது. அத்தனை பேரும் ஸ்பீக்கர் செய்யும் நிறுவனத்தில் வேலை செய்தவர்கள். சத்தத்தையும் சமமாக்குங்கள். ஒரு டெசிபல் கூடினாலே அது "தெளிவாக" இருப்பதாகக் காது சொல்லிவிடும். விற்பனையாளர் ஒலியைக் கூட்டினால், குறைக்கச் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, உங்கள் பணம்.

கல்லடி, நாவலடிப் பக்கம் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. பழைய ஸ்பீக்கரை மலிவாகக் கொண்டுவருவதாக யாராவது சொன்னால், முன்துணியைக் கழற்றி வூஃபரின் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள். ஸ்பொஞ்சால் செய்த ஓரம் இந்தக் காற்றின் ஈரத்தில் சில ஆண்டுகளிலேயே உக்கிவிடும். விரல் வைத்ததும் பொரித்த அப்பளம்போல உதிரும். றப்பர் ஓரம் நெடுநாள் உழைக்கும். பின்னால் வயர் பூட்டும் முனைகளில் பச்சை பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். புதிதாக வாங்கினாலும் மாரி தொடங்கும் முன் அந்த முனைகளைக் கழற்றித் துடைத்து மறுபடி இறுக்குங்கள், பெட்டியின் அடி தரையில் படாதபடி உயர்த்தி வையுங்கள். மர நாரை அமுக்கிச் செய்த எம்டிஎஃப் பலகை ஈரம் ஏறி ஊதினால் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர எந்தத் தச்சராலும் முடியாது.