"நல்லா அடிங்க சார்" என்று சொல்லும் பெற்றோருக்கு

"அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்." எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இந்தப் பழமொழியை யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். காலாண்டுத் தேர்வு முடிந்த சமயம் என்றால் கேட்கவே வேண்டாம். "நல்லா அடிங்க சார், நாங்க ஒண்ணும் கேட்க மாட்டோம்" என்று ஆசிரியரிடம் சொல்கிறவர்களில் பலர், பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு பெங்களூரில் கட்டட வேலை செய்பவர்கள். நாம் படுகிற பாடு பிள்ளை படக்கூடாது என்ற தவிப்பு அது. பாலக்கோடு பக்கம் ஓர் அரசுப் பள்ளியின் பெற்றோர் உறுப்பினராக அந்தத் தவிப்பு எனக்கும் உண்டு. ஆனால் அவர்கள் கேட்பது நடந்தால், பிள்ளை படிப்பை விட்டு இன்னும் தூரம்தான் போகும்.

ஏன் என்று சொல்கிறேன். வகுத்தல் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை முறை போகும், மீதி என்ன, அடுத்த எண்ணை எப்போது இறக்குவது, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மனதில் பிடித்து வைக்க வேண்டும். அப்படிப் பிடித்து வைக்க மூளையில் இருக்கும் இடமோ மிகக் கொஞ்சம். சார் கையை ஓங்குவாரா, பின் பெஞ்சில் யார் சிரிக்கிறார்கள் என்ற கவலை அதில் பாதியை எடுத்துக்கொண்டால் கணக்குக்கு என்ன மிஞ்சும்? வீட்டில் சரியாகப் போட்ட கணக்கைக் கரும்பலகை முன்னால் பிள்ளை தப்பாகப் போடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

1908-இல் அமெரிக்காவில் ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் என்ற இருவர் சுண்டெலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு பெட்டிகளில் வெளிச்சமானதை எலி தேர்ந்தெடுக்க வேண்டும், தவறினால் மின்அதிர்ச்சி. வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தபோது, அதிர்ச்சி கூடக்கூட எலிகள் சீக்கிரம் கற்றன. வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது கடினமானதும் நிலைமை மாறியது. கடுமையான அதிர்ச்சி வாங்கிய எலிகள் பின்தங்கின, மிதமாக வாங்கியவை முந்தின. எலியும் பிள்ளையும் ஒன்றில்லைதான். ஆனால் கணக்கைக் கண்டு மனிதர்கள் பயப்படுவது பற்றிப் பின்னால் வந்த ஆய்வுகளும் இந்தப் பக்கம்தான் நிற்கின்றன. அடித்தால் பலன் கிடைப்பதாக நமக்குத் தோன்றுவதும் இதனால்தான். வாய்ப்பாடு ஒப்பிக்க வைக்கும் வரை பயம் உதவுகிறது. இயற்கணிதம் வந்ததும் அது கைவிட்டுவிடுகிறது.

அதற்காகக் கண்டிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேர்வுக்கு முதல் நாள் கொஞ்சம் வயிறு கலங்கத்தான் வேண்டும். கண்டிப்பான ஆசிரியரைப் பிள்ளைகளுக்குப் பிடிக்கவும் செய்கிறது. தப்பாகச் சொன்னால் மானம் போய்விடும் என்கிற பயம் இருக்கிறதே, அதைத்தான் சொல்கிறேன். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆவது பிரிவில், உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே தடை செய்திருக்கிறது. பிரம்பு குறைந்திருக்கிறது, வாய்ச்சொல் குறையவில்லை. "நீ ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளிப் பெட்டி தூக்கத்தான் லாயக்கு" என்று ஒரு பையனைச் சொல்கிறோம். அவன் அப்பா அங்கே பெட்டி தூக்குகிறவர் என்றால் அந்தப் பையனுக்கு எப்படி இருக்கும்? தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டு வரும் குழந்தை, தமிழில் ஒரு சொல்லைத் தப்பாகச் சொன்னதும் வகுப்பே சிரித்தால் மறுநாளிலிருந்து வாயைத் திறக்காது. பிறகு அதை "மந்தம்" என்று எழுதிவிடுவோம்.

பெண்பிள்ளைகள் கதை இன்னும் கனமானது. பத்தாம் வகுப்பில் பெயிலானால் கல்யாணப் பேச்சு எடுக்கும் வீடுகள் தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் இன்னும் இருக்கின்றன. அது தெரிந்த பெண் தேர்வறையில் எப்படி நிதானமாக உட்காருவாள்? பொதுத்தேர்வில் முதலிடம் பெற்றவர்களின் பெயரை அறிவிக்கும் வழக்கத்தை 2017-இல் தமிழ்நாடு அரசு நிறுத்தியது. நல்ல முடிவு. ஆனால் முடிவுகள் வந்ததும் பேருந்து நிலையத்தில் ஃப்ளெக்ஸ் வைப்பது நிற்கவில்லை.

நாலு பேர் சிரிப்பார்களே என்ற இந்தக் கூச்சம் பள்ளியோடு முடிந்துவிடுவதும் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தருமபுரியின் எழுத்தறிவு 68.54 சதவீதம், மாநிலத்திலேயே கடைசி. பெண்களில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்காகப் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022 முதல் நடக்கிறது. சாயங்காலம் வகுப்புக்கு வரச் சொன்னால், "இந்த வயசுல சிலேட்டைப் புடிச்சா மருமக சிரிப்பா" என்கிறார்கள் நம் அம்மாக்கள். ஐம்பதில் வளையாது என்று அவர்களாகவே முடிவு கட்டிக்கொள்கிறார்கள். ஆனால் பேரன் வாட்ஸ்அப்பில் அனுப்பியதைத் தானே படிக்க வேண்டும், பென்னாகரம் பேருந்தின் போர்டை யாரையும் கேட்காமல் பார்த்து ஏற வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டால் அதே அம்மா இரவு ஒன்பது மணிக்கும் எழுத்துக் கூட்டுகிறார். வயதாக ஆக, மனதுக்கு நெருக்கமானவற்றைத் தேர்ந்தெடுத்து மனிதர்கள் நேரம் செலவிடுகிறார்கள் என்று லாரா கார்ஸ்டென்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் விளக்கியிருக்கிறார். பாடத்தை அந்த ஆசையிலிருந்து தொடங்கினால் பாதி வேலை முடிந்தது. அ, ஆ அப்புறம் வரட்டும்.

ஆசிரியர்களையும் நினைத்துப் பார்க்கிறேன். தேர்ச்சி விழுக்காடு குறைந்தது என்று பலர் முன்னால் திட்டு வாங்கிய ஒருவர், மறுநாள் வகுப்பில் சிரித்துக்கொண்டு நிற்க முடியுமா? அவர் வாங்கியதைத்தான் பிள்ளைகளிடம் இறக்குகிறார். மேலே இருப்பவர்கள் பேசும் விதமும் மாற வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் நான் இரண்டு விஷயம் கேட்கப்போகிறேன். விடைத்தாள் கொடுக்கும்போது மதிப்பெண்ணைச் சத்தமாகப் படிக்க வேண்டாம். அப்புறம், பத்தாம் வகுப்புத் திருப்புதல் தேர்வுக்கு முன்னால் 10 நிமிடம், தேர்வைப் பற்றி மனதில் இருக்கும் பயத்தைப் பிள்ளைகள் ஒரு தாளில் எழுதட்டும், அதை யாரும் படிக்க வேண்டாம். ஜெரார்டோ ராமிரெஸ், சியான் பெய்லாக் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், தேர்வுப் பதற்றம் அதிகம் உள்ள மாணவர்கள் இப்படி எழுதிய பிறகு நன்றாகத் தேர்வு எழுதினார்கள். இதற்கு ஒரு தாளுக்கு மேல் செலவு இல்லை. உங்கள் ஊர்ப் பள்ளிக் கூட்டத்திலும் யாராவது கேளுங்கள். "நல்லா அடிங்க" என்று பக்கத்தில் ஒருவர் சொன்னால், வேண்டாம் சார் என்று அங்கேயே எழுந்து சொல்லுங்கள்.