திறப்பு வவுனியாவிலை, கார் முத்தையன்கட்டிலை

உந்தப் பட்டன் ஸ்ராட்டைக் கண்டுபிடிச்சவனை ஒருக்கா முத்தையன்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்து, வாய்க்கால் றோட்டிலை ஆறு மணித்தியாலம் வெயிலுக்குள்ளை நிப்பாட்டி வைக்கவேணும். குடிக்கத் தண்ணியும் குடுக்கக்கூடாது. அதுக்குப் பிறகு வந்து சொல்லட்டும், திறப்பு இல்லாத கார் வசதியெண்டு.

நடந்தது இதுதான். போன கிழமை மனிசிக்கு வவுனியாவிலை செமினார். எனக்கு வயலுக்கு உரம் எறியிற நாள். விடியவே கிளிநொச்சியிலை இருந்து வெளிக்கிட்டம். டிக்கிக்குள்ளை தண்ணிப் பம்பும் குழாயும். அதாலை உரப்பை முன்சீற்றிலை. சேலையிலை தூசு படுமெண்டு மனிசி பின்சீற்றிலை. முன்சீற்றிலை ஆரோ பெல்ற் போடாமல் இருக்கினமாம் எண்டு கார் பரந்தனுக்குக் கேக்கிற மாதிரிக் கத்திக்கொண்டு வந்தது. உரப்பைக்கு ஆர் பெல்ற் போடுறது? மாங்குளம் சந்தியிலை மனிசி இறங்கி வவுனியா பஸ் ஏறினா. கதவைச் சாத்தினதும் கார் இன்னொரு விதமாக் கத்தினது. முன்னுக்கு யப்பான் எழுத்திலை ஏதோ மினுங்கினது. நான் கவனிக்கேல்லை. உரப்பைக்குத்தான் கத்துதெண்டு நினைச்சு ஏ34 றோட்டிலை திருப்பி, ஒட்டுசுட்டான் பக்கம் போய், வயல்கரையிலை நிப்பாட்டிப் பட்டனை அமத்தினன். கார் அடங்கிச்சுது.

அதோடை சரி. உரம் எறிஞ்சுபோட்டுப் பத்தரைக்கு வந்து பிறேக்கை மிதிச்சுப் பட்டனை அமத்தினால், அதே யப்பான் எழுத்து. பொக்கற்றைத் தடவினன். டாஷ்போட்டுக்குள்ளை பாத்தன். சீற்றுக்குக் கீழை கையை விட்டன், போன வருசத்துப் பனங்கிழங்குத் தும்புதான் வந்தது. பிறகுதான் நினைவு வந்தது, விடிய காரைத் திறந்தது மனிசி. றிமோட் அவவின்ரை ஹாண்ட்பாக்கிலை. நான் திறப்பைத் தொடாமலே மாங்குளம் வரைக்கும் ஓட்டினன், அங்கையிருந்து திறப்பு இல்லாமலே வயலுக்கும் ஓட்டினன்.

இதிலை ஒரு பிழையும் இல்லையாம். பட்டனை அமத்தேக்கை கார் ஒரு அலையை விட்டுத் தேடும், பக்கத்திலை றிமோட் இருந்தால் அது பதில் சொல்லும், ஸ்ராட் வரும். ஓடத் தொடங்கின பிறகு றிமோட் இறங்கிப் போனாலும் கார் நிக்காது, நடுறோட்டிலை நிண்டால் ஆபத்தெல்லோ? நல்ல விசயம்தான், ஏ9 இலை லொறிக்கு முன்னாலை நிண்டுபோனால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டன். ஆனால் பழைய காரிலை இந்தக் கேள்வியே வராதே ஐயா! திறப்பு ஓட்டைக்குள்ளை தொங்கினால்தான் கார் ஓடும். தொங்கிற சாமானைக் கண் காணும், முழங்காலிலை முட்டும், கிலுங்கும். மனிசியோடை வவுனியாவுக்குப் போகாது.

கண்ணாடி நாலும் திறந்தபடி. கார் உயிர் பெறாமல் கண்ணாடி ஏறாது. றிமோட் இல்லாமல் பூட்டவும் வழியில்லை. விட்டிட்டுப் போகவும் ஏலாது, இருக்கவும் ஏலாது. குளக்கட்டிலை ஏறினால்தான் போன் எடுபடும். ஏறி ஒன்பது தரம் அடிச்சன், செமினாருக்குள்ளை போன் சத்தமில்லாமல் கிடக்கு. திரும்பி வந்து பாத்தால் காருக்குள்ளை மூண்டு குரங்கு. பின்சீற்றிலை இருந்த வாழைப்பழச் சீப்பு முடிஞ்சுது. ஒண்டு ஸ்ரியறிங்கிலை குந்தியிருந்து பட்டனை நோண்டிக்கொண்டிருந்தது. அதுக்கும் ஸ்ராட் வரேல்லை.

அந்த வழியாலை போன பெடியன் ஒருத்தன் கராச் வைச்சிருக்கிற அண்ணையை மோட்டச்சைக்கிளிலை ஏத்திக்கொண்டு வந்தான். அவர் சுத்திச் சுத்திப் பாத்தார். "தம்பி, பழைய காரெண்டால் ரெண்டு வயரை முட்டவிட்டு எடுத்துத் தந்திருப்பன். உது கொம்பியூட்டர்" எண்டார். தள்ளி ஸ்ராட் பண்ணுவமோ எண்டு கேட்டன். சிரிச்சார். பெற்றோலும் பற்றரியும் சேந்து ஓடுற ஹைபிரிட்டைக் கொக்கிளாய் மட்டும் தள்ளினாலும் ஸ்ராட் வராதாம்.

ஒரு மணிக்குச் சாப்பாட்டு நேரம் மனிசி எடுத்தா. "இஞ்சாருங்கோ, ஒன்பது கோல் எடுத்திருக்கிறியள், ஆருக்கும் ஏதுமோ?" அவவின்ரை குரலிலை இருந்த பயத்தைக் கேட்டு எனக்குக் கோவமும் வரேல்லை. விசயத்தைச் சொல்ல ஹாண்ட்பாக்கைக் கிண்டுற சத்தம் கேட்டது. பிறகு கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. "கிடக்கு" எண்டா. பிறகென்ன, றிமோட்டை ஒரு என்வலப்பிலை போட்டு, முல்லைத்தீவு பஸ் கொண்டக்டரிட்டைக் குடுத்துவிட்டா. வன்னியிலை மருந்து, மரக்கறி, கலியாணக் கடிதம் எல்லாம் பஸ்ஸிலைதானே வரும். திறப்பும் வந்தது, நாலரைக்கு. அந்தக் கொண்டக்டர் தம்பிக்குக் கோடி புண்ணியம்.

எனக்குப் பட்டனிலை கோவமில்லை. பட்டன் ஒண்டும் புதுசும் இல்லை. 1949இலை அமெரிக்காவிலை கிறைஸ்லர்காரர்தான் திறப்பைத் திருப்பினால் ஸ்ராட் ஆகிற முறையைக் கொண்டுவந்தவை. அதுக்கு முந்தி ஸ்ராட்டுக்குத் தனிக் குமிழோ பெடலோதான். பழைய மொறிஸ் மைனரிலையும் இழுக்கிற குமிழ் ஒண்டு இருந்தது. ஆனால் பற்றரி செத்தால் முன்னாலை கைபிடியைப் போட்டுச் சுத்தலாம். ஒண்டு இல்லாட்டி இன்னொண்டு. 90க்குப் பிறகு யுத்தகாலப் பொருளாதாரத் தடைக்குள்ளை பெற்றோல் இல்லாமல், காபரேற்றருக்குள்ளை ரெண்டு சொட்டு மட்டும் விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணையிலை கார் ஓட்டின சனம் நாங்கள். பற்றரியும் தடைதான். சைக்கிளைக் கவிட்டுப் போட்டு டைனமோவைச் சுத்தி றேடியோவிலை செய்தி கேட்டம். அப்பிடி வாழ்ந்தவனை இண்டைக்கு ஒரு காசு அளவு பற்றரி நடுறோட்டிலை விடுது.

அந்தக் கதையும் கேளுங்கோ. றிமோட்டுக்குள்ளை கிடக்கிறது சி.ஆர். 2032. குறுக்களவு 20 மில்லிமீற்றர், தடிப்பு 3.2, அதுதான் அந்த இலக்கம். போன மார்கழி மழைக்குள்ளை அது செத்துப்போச்சு. றிமோட்டுக்குள்ளை ஒளிச்சு வைச்சிருக்கிற சின்ன இரும்புத் திறப்பாலை கதவைத் திறந்து, செத்த றிமோட்டைப் பட்டனோடை முட்டப் பிடிச்சு அமத்தினால் ஸ்ராட் வருமெண்டு மூண்டு நாள் கழிச்சுத்தான் எனக்குத் தெரியும். காரோடை வந்த புத்தகத்திலை எழுதித்தான் கிடக்காம். யப்பான் மொழியிலை.

இன்னொரு றிமோட் எடுக்கலாம்தானே எண்டு கேப்பியள். ஏலத்திலை எடுத்து வந்த காருக்கு ஒரே ஒரு றிமோட்தான். திறப்பெண்டால் சந்தையடியிலை குடைக்குக் கீழை இருக்கிறவர் பத்து நிமிசத்திலை அராவித் தருவார். றிமோட்டைக் காரோடை பழக்க வேணுமாம், அதுக்கு மெசின் வேணுமாம். கேட்ட காசுக்கு ஒரு நல்ல கறவைமாடு வாங்கலாம்.

மச்சான் ஒருத்தன் இருக்கிறான், இந்தக் காரை என்ரை தலையிலை கட்டினவன். "அத்தான், உதைக் களவெடுக்க ஏலாது" எண்டு நிண்டான். வயரை முட்டவிட்டு ஒருத்தனும் கொண்டுபோக ஏலாது, உண்மைதான். ஆனால் லண்டனிலை இருக்கிற தம்பி இரவிலை றிமோட்டைப் பிஸ்கற் தகரத்துக்குள்ளை போட்டு மூடி வைக்கிறான். வீட்டுக்குள்ளை கிடக்கிற றிமோட்டின்ரை அலையைக் கள்ளர் வெளியிலை நிண்டு இழுத்துப் பெருப்பிச்சுக் காரைக் கொண்டு போறாங்களாம். அமெரிக்காவிலை இன்னும் மோசம். வீட்டோடை ஒட்டின கராச்சுக்குள்ளை பட்டன் காரின்ரை எஞ்சினை நிப்பாட்டாமல் விட்டது தெரியாமல் படுத்து, புகையாலை செத்த சனமும் இருக்கு. எங்கடை கார் மாமரத்துக்குக் கீழை நிக்கிறதாலை அந்தப் பயம் இல்லை. பெற்றோல்தான் போகும்.

மாத்துவமெண்டால் அதுக்கும் வழியில்லை. 2020 பங்குனியிலை வாகன இறக்குமதியை நிப்பாட்டினவை 2025 மாசியிலைதான் தனியார் கார்களுக்குத் திறந்துவிட்டவை. விலையைக் கேட்டிட்டு நான் திரும்பி வந்து ரெண்டு சில்லு உழவு மெசின் லாண்ட்மாஸ்ரரைத் துடைச்சன்.

இப்ப றிமோட்டோடை ஒரு முழ நீள முதிரைக் கட்டையைக் கட்டி விட்டிருக்கிறன், கந்தோர் மலசலகூடத் திறப்புக்குக் கட்டுற மாதிரி. நேற்று மனிசி பாத்திட்டுக் கேட்டா, "உதை நான் என்னெண்டு ஹாண்ட்பாக்கிலை வைக்கிறது?"