ஷார்ட்-லைவ்ட் பஞ்சாயத்து

நேற்றைய கூட்டத்தின் வீடியோ துண்டு உங்களுக்கும் வந்திருக்கும். ஆமாம், அது நான்தான். ‘ஷார்ட்-லைவ்ட்’ (short-lived) என்றேன். ஒருவர் குறுக்கே புகுந்து, “லைவ்ட் இல்லைங்க, லிவ்ட்” என்றார். வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். ரொம்ப சந்தோஷம்.

நான் சொன்னது தப்பில்லை. அந்தச் சொல் ‘லிவ்’ என்ற வினையிலிருந்து பிறக்கவே இல்லை. ‘லைஃப்’ என்ற பெயர்ச்சொல்லோடு ‘எட்’ ஒட்டியது. குறைந்த ஆயுள் உடையது, அவ்வளவுதான். ‘ப்ளூ-ஐட்’ என்றால் நீலக் கண் உடையவர். அங்கே யாராவது இறந்தகாலத்தைத் தேடுகிறோமா? இந்த ‘எட்’ நம்முடைய ‘உடைய’.

எட்டாம் வகுப்பில் நானும் ‘லிவ்ட்’ என்றுதான் வாசித்தேன். டீச்சர் சிரிக்கவில்லை. கரும்பலகையில் ‘லைஃப்’ என்று எழுதி, எஃப் எழுத்தை மட்டும் உள்ளங்கையால் அழித்து, அந்த இடத்தில் வி போட்டார். பக்கத்திலேயே ‘நைஃப், நைவ்ஸ்’. “புரிஞ்சுதா?” என்று கேட்டுவிட்டு, கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளை ஊதினார். அதற்கப்புறம் எனக்கு அந்தச் சொல் தடுமாறியதே இல்லை.

‘அகராதியில் இரண்டும் இருக்கிறதே’ என்பீர்கள். இருக்கட்டும். பிரிட்டனில் ‘லிவ்ட்’தான் அதிகம், தெரியும். லிவ்ட் தப்பென்று நான் எங்கே சொன்னேன்? லைவ்ட் தப்பென்று சபையில் சொன்னது யார்?

‘ஒரு உச்சரிப்புக்கா இவ்வளவு?’ என்று கேட்பவர்களுக்கு: 1832-இல் ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் ‘டேலண்டட்’ (திறமை உடைய) என்ற சொல்லைக் கண்டே கொதித்தார். பெயர்ச்சொல்லில் எப்படி ‘எட்’ ஒட்டலாம், அப்படியானால் ஷில்லிங் நாணயத்தை வைத்து ‘ஷில்லிங்ட்’ என்றும் சொல்வீர்களா என்று கேட்டார். அவர் கோபப்பட்டால் இலக்கிய விமர்சனம், நான் கோபப்பட்டால் ஈகோ. சரி.

நமக்கு இது புதிதும் இல்லை. ‘குழையினன்’ என்று தமிழ் இலக்கணத்தில் படித்தோமே, குழை என்ற காதணி அணிந்தவன். வினை மாதிரி விகுதி இருக்கும், காலம் வெளிப்படையாகத் தெரியாது. வினைக்குறிப்பு என்று மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினோம். ஆங்கிலத்தில் அதே வித்தையைப் பார்த்தால் மட்டும் இளக்காரம். தெரியாததைக் கேட்டால் குறைந்தா போய்விடுவோம்? தெரிந்தவரைத் திருத்துவதில் அப்படி என்ன அவசரம்?

திருத்தியவர் மேல்கூட எனக்குப் பெரிய வருத்தமில்லை. சிரிப்புப் பொம்மை போட்டவர்களில் ஒருவர் என்னோடு எட்டாம் வகுப்பில் படித்தவர். முன் பெஞ்ச். அந்தக் கரும்பலகையை என்னைவிடப் பக்கத்திலிருந்து பார்த்தவர்.