விட்டு வந்தால் எங்கே போவாள்?

"அந்தக் காலத்துல டைவர்ஸ் உண்டா? பொம்பளைங்க பொறுத்துப் போனாங்க, குடும்பம் நின்னுச்சு." நீலகிரி மலையில், கோத்தகிரியில் உட்கார்ந்துகொண்டு யாராவது இப்படிச் சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. வேறு எங்கே வேண்டுமானாலும் சொல்லுங்கள், இந்த மலையில் சொல்லாதீர்கள்.

இங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்கிற படுகர் வீட்டுப் பெரியவர்களிடம் பழைய வழக்கத்தைக் கேட்டுப் பாருங்கள். வரதட்சணை என்ற பேச்சே கிடையாது. பையன் வீட்டார்தான் ஒரு சின்னத் தொகை கொடுப்பார்கள். ஒத்துவரவில்லையா, பெண் பிறந்த ஹட்டிக்கு, அதாவது படுகர் ஊருக்கு, திரும்பி வந்துவிடலாம், மறுபடி கல்யாணமும் செய்துகொள்ளலாம். புருஷன் செத்தவளுக்கும் அதே நியாயம். கல்யாணத்தை உறுதியாக்குகிற, கழுத்தில் கண்ணிக் கயிறு கட்டுகிற சடங்கே பெண் உண்டான பிறகுதான். மலைப் பழங்குடியான தோடர்களிடமும் ஏழாம் மாத வாக்கில் ஒரு சடங்கு உண்டு: வில்லும் அம்பும் கொடுக்கிறவன்தான் பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தகப்பன். அதன் பிறகு யாரும் வாய் திறக்க முடியாது.

சொர்க்கமாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. பிரிந்தால் பிள்ளைகள் அப்பன் வீட்டோடு. நிலம் ஆம்பிளைகளுக்கு. தோடர்களின் பால் கோயிலுக்குள் பெண்களுக்கு இடமில்லை. ஆனால் 'புருஷனை விட்டு வந்தவ' என்று ஒருத்தியைக் காலம் பூராவும் குத்திக்காட்டுகிற வழக்கம் இங்கே இல்லை. அதைக் கீழேயிருந்து மூட்டை முடிச்சோடு மேலே ஏற்றி வந்தது எங்களைப் போன்ற ஆட்கள்தான். (1962லேயே அக்கம்மா தேவி என்ற படுகர் பெண்ணை மக்களவைக்கு அனுப்பிய தொகுதி இது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லைனில் அப்போதெல்லாம் பெண் பிள்ளை அஞ்சாவது தாண்டினாலே அதிசயம்.)

நாங்கள் சிலோனிலிருந்து வந்த குடும்பம். 1964ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும், தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பக் கையெழுத்துப் போட்டார்கள், அதில் எங்கள் தலையெழுத்து மாறியது. அம்மா தேயிலைக் கொழுந்து எடுத்தாள். விடிந்தும் விடியாமலும் இடுப்பில் சாக்குப் படங்கைச் சுற்றிக்கொண்டு, கைப்பிள்ளையைத் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலை ஏறுவாள். சம்பள நாளில் ஆபீஸ் முன்னால் வரிசையில் நிற்பது மட்டும் அப்பா. அம்மாவின் கவரையும் அவரே கையெழுத்துப் போட்டு வாங்கிவிடுவார். யாரும் கேட்டதில்லை, அம்மாவும் கேட்டதில்லை. அன்றைக்கு எத்தனை கிலோ எடுத்தோம் என்று அம்மாவுக்குத் தெரியும், மாசம் எவ்வளவு சம்பளம் என்று தெரியாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலி என்று 1976லேயே சட்டம் வந்துவிட்டது. கூலி சமமானாலும் அதை வாங்குகிற கை மாறவில்லை.

பக்கத்துக் காம்பராவில், அதாவது அடுத்த லைன் வீட்டில், ஒரு அக்கா இருந்தது. புருஷன் குடித்துவிட்டு வந்தால் சுவர் அதிரும். ஒரு தடவை தாங்க முடியாமல் அம்மா வீட்டுக்குப் போனது. அதுவும் லைன் வீடுதான், அங்கே அண்ணன், அண்ணி, மூன்று பிள்ளைகள். ஒரு வாரத்தில் திரும்பி வந்துவிட்டது. இங்கே வீடு தோட்டத்தில் அவன் பேரில் கொடுத்தது. கோபித்துக்கொண்டு வெளியே போனாலும் அவனுக்கு வீடு இருக்கும், அக்காவுக்கு என்ன இருக்கும்? மறுநாள் காலையில் வீங்கின முகத்தோடு நிரையில் நின்று கொழுந்து எடுத்தது. லைனில் எல்லாரும் அக்காவைக் குணவதி என்றார்கள். இதைத்தான் இன்றைக்குப் 'பொறுமை' என்று புகழ்கிறார்கள். போக இடம் இல்லாததற்குப் பெயர் பொறுமையா?

எனக்கு எல்லாமே இந்த ஒரு கேள்வியில்தான் வந்து நிற்கிறது. அந்தப் படுகர் பெண்ணால் புருஷன் வீட்டைவிட்டு வர முடிந்ததென்றால், அவளை உள்ளே விட ஒரு ஹட்டி இருந்தது. எங்கள் அக்காவுக்கு இல்லை. இன்றைக்குக் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற எங்கள் பெண்களுக்குச் சம்பளம் இருக்கிறது, போன் இருக்கிறது, பிடித்தவனைத் தேர்ந்தெடுக்கிற தைரியமும் வந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் கல்யாணம் கசந்து ஒருத்தி பையோடு வாசலில் வந்து நின்றால், "நாலு பேர் என்ன சொல்வாங்க, கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்று அடுத்த பஸ்ஸிலேயே ஏற்றிவிடுகிறோம். அரசு சாதாரண பஸ்ஸில் மட்டும் இப்போது பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. அதுவும் கீழே இருக்கிற பெண்களுக்கு 2021லேயே கிடைத்தது, எங்கள் மலைக்கு விரிவாக்குவதாகச் சொன்னதே 2024 பட்ஜெட்டில்தான்.

இன்னொரு பக்கம், பவுன் கணக்கும் மண்டபமும் காரும் மலையேறி வந்துவிட்டன. வாங்காத வழக்கம் இருந்த வீடுகளிலும் இப்போது "உங்க பொண்ணுக்கு நீங்க போடறதுதானே" என்று நாசூக்காகக் கேட்கிறார்கள். சம்பளம் வங்கிக் கணக்குக்குப் போகிறது, ஏடிஎம் கார்டு புருஷன் சட்டைப்பையில் இருக்கிறது. இதைத்தான் முன்னேற்றம் என்று சொல்லிக்கொள்கிறோம்.

பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989லேயே சட்டம் வந்தது, அதற்கு முன்னால் கல்யாணமானவர்களை விட்டுவிட்டு. 2005ல் நாடு முழுக்க வந்தது. எத்தனை வீட்டில் கொடுத்தார்கள்? 'சீர் செஞ்சாச்சு, விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போடும்மா' என்று முடித்துவிடுகிறார்கள். அண்ணன் மனசு கோணக்கூடாதே என்று தங்கச்சியும் போட்டுக் கொடுத்துவிடுகிறாள். பிறகு அவள் திரும்பி வந்தால் விருந்தாளி.

இப்போது என் அண்ணன் மகளுக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருக்கிறோம். மேட்டுப்பாளையம் குடும்பம், 30 பவுன் கேட்டார்கள். நான் குறுக்கே விழுந்து, "பவுனைக் குறைச்சுக்குங்க, அந்தக் காசுக்கு இங்கேயே அஞ்சு சென்ட் வாங்கி அவ பேர்ல மட்டும் பதிஞ்சுடறோம்" என்றேன். மாப்பிள்ளையின் அப்பா, "அதெல்லாம் எதுக்கும்மா, எங்க வீட்டுக்கு வந்துட்டா அவ எங்க பொண்ணு" என்றார். "அப்போ உங்க இடத்துலயே எழுதிக் கொடுத்துடுங்க சம்பந்தி" என்று அண்ணி பட்டென்று கேட்டுவிட்டாள். அண்ணனுக்கு இரண்டு நாளாக என் மேல்தான் கோபம்.

பேச்சு இன்னும் முடியவில்லை. பவுன் 25க்கு இறங்கியிருக்கிறது. சென்ட் இன்னும் ஒன்றுக்குக்கூட ஏறவில்லை.