மேலே போர்வை போட்டிருப்பது அடையாளம், கபுறு கீழே

மியான்மரின் யாங்கூனில் (ரங்கூன்) உள்ள, கடைசி முகலாய பாதுஷா பகதூர் ஷா ஜஃபரின் தர்கா பற்றிய உங்கள் கட்டுரையில் ஒரு திருத்தம். மேல்கூடத்தில் பச்சைப் போர்வையோடு நிற்பதைத்தான் பாதுஷாவின் கபுறு (அடக்கக் குழி) என்று எழுதியிருக்கிறீர்கள். அது அடையாளத்துக்கு வைத்தது. அருகே பேகம் ஜீனத் மஹலுக்கும் பேத்தி ரவ்னக் ஜமானிக்கும் இடம் உண்டு. அசல் கபுறு படியிறங்கிப் போனால் நிலவறையில்.

இந்த இரட்டை அமைப்புக்குக் காரணம் இருக்கிறது. 1862 நவம்பர் 7 காலையில் இறந்தவரை அன்று மாலையே அடக்கி, மேலே புல் பதித்து, தூரத் தள்ளி மூங்கில் வேலி போட்டார்கள் ஆங்கிலேயர். வேலி மக்கும்போது புல் மூடிவிடும், இடம் தெரியாது என்பது கணக்கு. கணக்கு பலித்தது. முஸ்லிம்கள் விடாமல் கேட்ட பிறகு 1907இல் நட்ட கல்லில்கூட 'இவ்விடத்துக்கு அருகே' என்றுதான் வெட்ட முடிந்தது. தில்லியின் 'முன்னாள் அரசர்' என்ற சொல்லையும் விடவில்லை, பாருங்கள்!

1991 பிப்ரவரியில் வடிகால் தோண்டிய ஆட்கள் மூன்றரை அடி ஆழத்தில் செங்கல் கட்டிய குழியைக் கண்டார்கள். வெறும் மண்குழியாக இருந்திருந்தால் 128 வருஷத்தில் கரைந்திருக்கும். குழியை நகர்த்தாமல் அதன் மேலேயே கட்டடம் எழுப்பியதால்தான் நிலவறை. திறப்பு 1994 டிசம்பரில். ஆகவே உங்கள் கட்டுரையின் 'முகலாயர் காலக் கட்டடம்' என்ற வரியும் தவறு.

ஜியாரத்துக்கு, அதாவது அடக்கத்தலத்தைத் தரிசிக்கப் போகிறவர்கள் மேலே ஃபாத்திஹா ஓதிவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். கீழேயும் இறங்குங்கள்.