பின்பக்கத்தையும் சுற்றிப் பாருங்கள்
சிங்கப்பூர் எஸ்பிளனேட் பூங்காவிலுள்ள போர் நினைவுத் தூண் வெள்ளைக்காரர்களுக்கு மட்டுமே உரியது என்று நான் படித்த கட்டுரை ஒன்று சொல்கிறது. முன்பக்கத்தோடு திரும்பிவிட்டால் அப்படித்தான் தோன்றும்: முதல் உலகப்போரில் மாண்ட 124 பிரிட்டிஷ் வீரர்களுக்காக 1922இல் திறந்தது. பின்னால் போனால் இரண்டாம் உலகப்போரில் இறந்தவர்களுக்கான வாசகம் நான்கு மொழிகளில் இருக்கிறது, தமிழிலும். என் மகள் படியில் நின்று அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள். அப்பா, இங்கேயும் தமிழா என்றாள். என்னை உறுத்துவது வேறு. அதே பூங்காவில்தான் பிரிட்டிஷாரை எதிர்த்துப் போரிட்ட நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தின் நினைவுச் சின்னமும் இருந்தது. 1945 ஜூலையில் நேதாஜியே அடிக்கல் நாட்டினார். செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார் முதல் காரியமாக அதை இடித்துத் தள்ளினார்கள். 1995இல் வைத்த அடையாளச் சின்னம்தான் இப்போது மிச்சம். மலாயா ரப்பர்த் தோட்டங்களில் மரம் சீவிப் பால் எடுத்த தமிழர்கள், பெண்கள் உட்பட, அந்தப் படையில் ஏராளம். கட்டுரையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. வெறும் கல்லுக்கு எதற்கு இத்தனை பேச்சு என்று அந்தக் கட்டுரைக்குக் கீழே கேட்டிருக்கும் நண்பரே, வெறும் கல்லாக இருந்தால் நேச நாட்டுப் படைத் தளபதி மவுண்ட்பேட்டன் ஏன் அதை இடிக்கச் சொன்னார்?