பிடி டைட்டானியம், அலகு எஃகு

டைட்டானியம் மடக்குக் கத்தி எடை குறைவு, மலையேறப் போகிறவர்கள் வாங்கலாம் என்று கட்டுரையில் சொல்லியிருக்கிறீர்கள். எடை சரிதான். ஒரு கன செ.மீ. எஃகு 7.8 கிராம் என்றால் டைட்டானியம் 4.5 கிராம்தான், துருவும் பிடிக்காது. ஆனால் அலகும் டைட்டானியமாக இருந்தால் கூர் நிற்காது. நாலு கயிறு அறுத்தால் மழுங்கிவிடும். பிடி டைட்டானியம், அலகு எஃகு என்று பார்த்து வாங்குங்கள்.

சிறுமலைக்குப் போகும்போது கொய்யா நறுக்க எனக்குச் சாதாரண எஃகுக் கத்தியே போதும். திருப்பாச்சேத்தி அரிவாள் பக்கத்திலேயே கிடைக்கும்போது இருபது கிராம் குறைக்க இவ்வளவு செலவா என்கிறார் அப்பா. அப்புறம், மதுரையில் விமானம் ஏறுகிறவர்கள் கத்தியைக் கைப்பையில் வைக்காதீர்கள். நான் ஒன்றை அப்படித்தான் பறிகொடுத்தேன்.